முதலில் வழி, பிறகு எஃபெக்ட்: வீட்டு ஸ்டூடியோவில் ஒலி ரூட்டிங்

ரெட்டியார்பாளையம், மூலக்குளம், லாஸ்பேட்டை என்று உழவர்கரை முழுக்க இப்போது வீட்டு அறையிலேயே பாட்டைப் பதிவு செய்கிறவர்கள் நிறையப் பேர். அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்தில் இசை படிக்கும் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. அவர்கள் கொண்டுவரும் ப்ராஜெக்டுகளைத் திறந்தால் பெரும்பாலும் ஒரே காட்சிதான்: ட்ராக்குக்கு ஒரு ரிவெர்ப், ஒரு கம்ப்ரஸர், மாஸ்டரில் இன்னும் நாலு ப்ளக்-இன். பாட்டு குழம்பிக் கேட்கும், லேப்டாப்பும் திணறும். புது ப்ளக்-இன் தேடுவதற்கு முன்னால், இருக்கிற ஒலி எங்கே புறப்பட்டு எந்த வழியாகப் போய் எங்கே சேர்கிறது என்று தீர்மானியுங்கள். மிக்ஸில் பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

இங்கே எடுத்துக்கொள்வது ஒரு சின்னக் கச்சேரிப் பதிவு: பெண் குரல், வயலின், மிருதங்கம், தம்புரா. மிருதங்கத்துக்கு வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று என இரண்டு மைக். மென்பொருள் ரீப்பர். வின்ஆம்ப் செய்த ஜஸ்டின் ஃபிராங்கெலின் காக்கோஸ் நிறுவனத்தார் உருவாக்கியது. 60 நாள் முழு வசதியோடு பயன்படுத்திப் பார்க்கலாம். தனிநபர் உரிமம் 60 டாலர். நான் இதைச் சொல்வதற்கு விலை மட்டும் காரணம் இல்லை. இதில் ஆடியோ ட்ராக், பஸ், எஃபெக்ட் ட்ராக் என்ற பிரிவே கிடையாது. எந்த ட்ராக்கும் எந்த வேலையும் செய்யும். ஏழாம் பதிப்பில் ஒரே ட்ராக்குக்குள் 128 சேனல் வரை ஓடும். க்யூபேஸோ ஆர்டரோ வைத்திருப்பவர்களுக்கும் கீழே சொல்லும் முறை பொருந்தும், பட்டன்களின் இடம்தான் மாறும்.

தாளில் வரையுங்கள். கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் ஒரு வெள்ளைத் தாள். இடது பக்கம் ஐந்து மைக், வலது பக்கம் மாஸ்டர். நடுவில் மிருதங்க மைக் இரண்டும் சேரும் ஒரு கட்டம், எல்லாருக்கும் பொதுவான ரிவெர்ப் ஒரு கட்டம், பாடுகிறவரின் ஹெட்ஃபோனுக்கு ஒரு கட்டம். அம்புக்குறி போட்டு இணையுங்கள். ஊசுடு ஏரி மடையிலிருந்து வாய்க்கால் பிரிப்பதைப் போன்றதுதான் இது, ஒரு வித்தியாசத்தோடு: இங்கே எத்தனை கிளை பிரித்தாலும் மூல வாய்க்காலில் ஒரு சொட்டும் குறையாது. ஒவ்வொரு கிளைக்கும் முழு நகல் போகும்.

மிருதங்கத்தை ஃபோல்டரில் போடுங்கள். ஒரு காலி ட்ராக்குக்கு ‘மிருதங்கம்’ என்று பெயரிட்டு, வலந்தலை, தொப்பி இரண்டையும் அதற்குக் கீழே ஃபோல்டராக இழுத்து விடுங்கள். இரண்டும் தானாகவே தாய் ட்ராக்கில் கலக்கும். தொப்பியின் கும்கி எடுபட வேண்டுமென்றால் அந்த ட்ராக்கில் மட்டும் கை வையுங்கள். மொத்த மிருதங்கத்தையும் ஏற்றி இறக்கத் தாய் ட்ராக்கின் ஃபேடர் போதும்.

குரலின் வரிசை. குரல் ட்ராக்கின் எஃப்எக்ஸ் பட்டனை அழுத்தி முதலில் ரீஈக்யூ, அடுத்து ரீகாம்ப் என்ற கம்ப்ரஸர், அதன் பிறகு இன்னொரு ரீஈக்யூ சேருங்கள். ஒலி மேலிருந்து கீழாகவே போகும் என்பதால் இந்த வரிசை முக்கியம்.

முதல் ஈக்யூவின் வேலை சுத்தம் செய்வது மட்டும். ஹை-பாஸ் ஃபில்டரை எந்த இடத்தில் வைப்பது என்பதைச் சுருதி சொல்லிவிடும். ஐந்து கட்டையில் பாடுகிறவரின் ஆதார ஷட்ஜம் சுமார் 196 ஹெர்ட்ஸ். மந்திர பஞ்சமம் 147, மந்திர மத்யமம் 131. குரல் அதற்குக் கீழே போவது அரிது. ஆகவே 90 ஹெர்ட்ஸில் வெட்டினால் பாட்டுக்கு ஒரு சேதமும் இல்லை. ஃபேன் உறுமலும் இன்வெர்ட்டரின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரமும் பெருமளவு அடங்கும். நாலு கட்டையில் பாடும் ஆளுக்கு இன்னும் கொஞ்சம் இறக்குங்கள். இணையத்தில் கிடைக்கும் ‘பெண் குரல்’ ப்ரீசெட்டுகளுக்கு நம் சுருதி தெரியாது.

இந்த ஈக்யூவைக் கம்ப்ரஸருக்கு முன்னால் வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்திரா காந்தி சதுக்கத்திலிருந்து வில்லியனூர் போகும் பஸ் மூலக்குளத்தில் வேகம் எடுக்கும்போது ஜன்னல் அதிரும். காதுக்கு அது பெரிதாகத் தெரியாது. கம்ப்ரஸருக்கு அது ஒரு பெரிய சத்தம். உடனே அமுக்கும், அமுக்கும்போது ராகம் பாடிக்கொண்டிருக்கும் குரலும் சேர்ந்து தாழும். நீங்களே சோதித்துப் பாருங்கள்: இரண்டு ப்ளக்-இன்களையும் இழுத்து இடம் மாற்றி, கம்ப்ரஸரின் முள் எப்போது ஆடுகிறது என்று கவனியுங்கள்.

கம்ப்ரஸரில் விகிதம் 2:1, அட்டாக் 15 முதல் 20 மில்லி விநாடி. தார ஸ்தாயியில் நிற்கும்போது 3 டெசிபெல் குறைந்தால் போதும். அதற்கு மேல் அமுக்காதீர்கள். சினிமாப் பாட்டில் குரலை ஒரே மட்டத்தில் நிறுத்துவார்கள், அது அங்கே சரி. ஆலாபனையில் குரல் எழுவதும் அடங்குவதும்தான் சங்கீதம். கடைசியில் வரும் ஈக்யூ நிறத்துக்கு: 3000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒன்றிரண்டு டெசிபெல் தூக்கினால் சாகித்யம் தெளியும்.

ரிவெர்ப் ஒன்றே ஒன்று. ‘மண்டபம்’ என்று ஒரு புது ட்ராக். குரல், வயலின், மிருதங்கத் தாய் ட்ராக் மூன்றின் ரூட் பட்டனிலிருந்தும் இதற்குக் கோடு இழுத்தால் சென்ட் உருவாகும். போஸ்ட்-ஃபேடராகவே இருக்கட்டும், குரலை இறக்கினால் அதன் ரிவெர்ப்பும் சேர்ந்து இறங்கும். ‘மண்டபம்’ ட்ராக்கில் முதலில் ஈக்யூ: 250 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 7000-க்கு மேலும் வெட்டுங்கள். அடுத்து ரீவெர்பேட். அதில் டிரை முழுவதும் கீழே, ஆரம்பத் தாமதம் 30 மில்லி விநாடி. யாருக்கு எவ்வளவு மண்டபம் என்பதை இனி சென்ட் அளவு பார்த்துக்கொள்ளும். மூவரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து வாசித்த உணர்வு இப்படித்தான் வரும்.

ஆசை இருந்தால் உண்மையான மண்டபத்தையே கொண்டுவரலாம். வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயில் இங்கிருந்து பக்கம். நிர்வாகத்திடம் அனுமதி வாங்கி, ஆள் இல்லாத நேரத்தில் கல்மண்டபத்தில் ஒரு பலூனை உடைத்து அந்த ஓசை அடங்கும்வரை பதிவு செய்யுங்கள். ரீப்பரோடு வரும் கன்வல்யூஷன் ப்ளக்-இன்னில் அந்த ஃபைலை ஏற்றினால் குரல் அந்த மண்டபத்தின் எதிரொலியைப் பெறும்.

சைட்செயின்: பிருகாவுக்கு வழி விடும் ரிவெர்ப். இந்தப் பகுதிக்காகத்தான் நான் இதையெல்லாம் எழுதவே உட்கார்ந்தேன். வேகமான பிருகாக்கள் ரிவெர்ப்பில் மங்கிவிடும். ரிவெர்ப்பைக் குறைத்தாலோ கார்வைகள் வறண்டுபோகும். இரண்டுக்கும் சேர்த்து ஒரு வழி இருக்கிறது. குரலிலிருந்து ‘மண்டப’த்துக்கு இரண்டாவது சென்ட் ஒன்று போட்டு, அது போய்ச் சேரும் சேனலை 3/4 ஆக்குங்கள். ட்ராக் தானாக நாலு சேனலாக விரியும். ரீவெர்பேட்டுக்குப் பின்னால் ஒரு ரீகாம்ப் வைத்து, அதன் டிடெக்டர் இன்புட்டை ஆக்ஸிலரிக்கு மாற்றுங்கள். இப்போது கம்ப்ரஸர் கேட்பது குரலை, அமுக்குவது ரிவெர்ப்பை. ரிலீஸ் 300 மில்லி விநாடி, குறைப்பு 4 டெசிபெல். பாடும்போது மண்டபம் ஒதுங்கி நிற்கும், மூச்சு விடும் இடத்தில் நிறையும். பல்லவியின் கடைசிக் கார்வையில் கேட்டுப் பாருங்கள்.

ஒரே ட்ராக்குக்குள் இரண்டு வழி. மிருதங்கத்தின் தீர்மானத்தில் ஒரு கனம் வேண்டும், அதே நேரம் மீட்டு மழுங்கக் கூடாது. மிருதங்கத் தாய் ட்ராக்கை நாலு சேனலாக்கி, அதில் ரீகாம்ப் சேர்த்து, ப்ளக்-இன் ஜன்னலின் மேலே இருக்கும் பின் கனெக்டரைத் திறந்து, உள்ளே வருவதை 1/2, வெளியே போவதை 3/4 என்று மாற்றுங்கள். 1/2 தொடப்படாமல் அப்படியே போகும். அமுக்கிய நகல் 3/4-இல் ஓடும். இங்கே விகிதம் 8:1 வரை போகலாம், ப்ரீ-காம்ப் மட்டும் 0-வில் இருக்கட்டும். கடைசியில் ‘8x ஸ்டீரியோ டு 1x ஸ்டீரியோ மிக்ஸர்’ என்ற ஜேஎஸ் ப்ளக்-இன்னைப் போட்டு இரண்டையும் கலக்குங்கள். அதை மறந்தால் 3/4 மாஸ்டரில் கேட்கவே கேட்காது.

ஹெட்ஃபோன் வழி. “தம்பி, சுருதி இன்னும் கொஞ்சம் வேணும்பா” என்று பாடுகிறவர் கேட்பார். உங்கள் ஸ்பீக்கரில் தம்புரா அளவாக இருக்கும். அவருக்கு அது போதாது. ‘ஹெட்ஃபோன்’ என்று ஒரு ட்ராக் வைத்து எல்லாவற்றிலிருந்தும் ப்ரீ-ஃபேடர் சென்ட் கொடுங்கள், மாஸ்டர் சென்ட் டிக்கை எடுத்துவிடுங்கள், ஹார்டுவேர் அவுட்டில் இன்டர்ஃபேஸின் 3/4-ஐத் தேர்ந்தெடுங்கள். நாலு அவுட்புட் உள்ள இன்டர்ஃபேஸ் இதற்குத் தேவை. இனி நீங்கள் ஃபேடரை எப்படி ஆட்டினாலும் அவர் காதில் சுருதி நிலையாக இருக்கும். பதிவின்போது பஃபர் 128 சாம்பிள் வையுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் அது 2.7 மில்லி விநாடிக்கும் குறைவு. மிக்ஸுக்கு 1024-க்கு ஏற்றலாம். அவருக்கு ரிவெர்ப் வேண்டுமென்றால் தாராளமாகக் கொடுங்கள். ட்ராக் எஃப்எக்ஸ் பதிவில் சேராது. இன்புட் எஃப்எக்ஸ் சேர்ந்துவிடும், அங்கே மட்டும் எதையும் வைக்காதீர்கள்.

சேமிப்பதும் அனுப்புவதும். சரியாக அமைந்த குரல் வரிசையை எஃப்எக்ஸ் ஜன்னலில் ரைட் க்ளிக் செய்து எஃப்எக்ஸ் செயினாகச் சேமியுங்கள். முழு அமைப்பையும் ப்ராஜெக்ட் டெம்ப்ளேட்டாக வைத்துக்கொண்டால் அடுத்த பதிவில் சுருதிக்கு ஏற்ப ஃபில்டரை மாற்றுவதுதான் வேலை. சென்னையில் யாராவது மாஸ்டரிங் செய்யப் போகிறார்களா? குரல், வயலின், மிருதங்கம், தம்புரா, மண்டபம் என ஐந்து ஸ்டெம்மாக ரெண்டர் செய்து, ஒரு காலி ப்ராஜெக்டில் எல்லா ஃபேடரையும் 0-வில் வைத்து ஓட்டிப் பாருங்கள். மாஸ்டரில் ப்ளக்-இன் எதுவும் இல்லையென்றால் உங்கள் மிக்ஸ் அப்படியே கேட்க வேண்டும். ஏதாவது குறைந்தால் எங்கோ ஒரு சென்ட் விட்டுப்போயிருக்கிறது. தாளில் வரைந்த அம்புக்குறிகளோடு ஒப்பிட்டால் எது என்று தெரிந்துவிடும். ஃபைல் பெயரில் ராகம், கட்டை, சாம்பிள் ரேட் மூன்றையும் எழுதி அனுப்புங்கள்.