ஒரு பதிவு, பல படிகள்

2018 ஆகஸ்டு மாதப் பெருமழையில் இடுக்கி, பாலக்காடு மாவட்டங்கள் பெரிதும் பாதிக்கப்பட்டன. செறுதோணி அணையின் மதகுகள் 26 ஆண்டுகளுக்குப் பின் திறக்கப்பட்டன. கேரளத்தில் பலர் தம் குடும்ப அட்டைகளையும் சான்றிதழ்களையும் வெள்ளத்தில் இழந்தனர். பின்னர், அரசு சிறப்பு முகாம்கள் நடத்தி, கணினிப் பதிவுகளைக் கொண்டு அவற்றை மீண்டும் அளித்தது.

தாள் அழிந்தாலும் பதிவு எஞ்சியது. ஆனால், அப்பதிவு ஒரே கணினியில் இருந்தால் அதுவும் வெள்ளத்திற்கு இரையாகலாம். ஆகவே, தரவுத்தளத்தின் படிகள் தொலைவிலுள்ள வெவ்வேறு சர்வர்களில் வைக்கப்படுகின்றன. ஆதார் தரவு மையங்கள் பெங்களூரு, மானேசர் ஆகிய இரண்டு இடங்களில் இருப்பது இதற்குச் சான்று.

முதன்மைச் சர்வரில் நிகழும் ஒவ்வொரு மாற்றமும் ஒரு குறிப்பேட்டில் வரிசையாகப் பதியப்படும். துணைச் சர்வர்கள் அக்குறிப்புகளைப் பெற்று, அதே வரிசையில் தம் படிகளைத் திருத்திக்கொள்ளும். முதன்மைச் சர்வர் பழுதுற்றால், துணைச் சர்வர் ஒன்று அதன் பணியை ஏற்கும்.

துணைச் சர்வரின் ஒப்புதலுக்குக் காத்திருந்தால் இரண்டு படிகளும் ஒத்திருக்கும், வேகம் குறையும். காத்திராவிடில் வேகம் கூடும். கடைசி மாற்றங்கள் சில தவறக்கூடும்.

ஒரு பதிவு தவறுதலாக நீக்கப்பட்டால், அந்நீக்கமும் எல்லாப் படிகளுக்கும் செல்லும். ஆதலால், முந்தைய நாளின் நகலைத் தனியே காத்தலும் வேண்டும்.

சிந்தனை வினா: பல படிகள் இருந்தும் தனி நகல் தேவைப்படுவது ஏன்?