சங்கப் பொறுப்பை ஏற்குமுன்: மூன்று பாதுகாப்புகளில் எது உங்களுக்கு?

தொழில்முறை அமைப்பு ஒன்றின் இயக்குநராகவோ செயற்குழு உறுப்பினராகவோ அழைக்கப்படுபவர் முதலில் கேட்க வேண்டியது ஒன்று: என் மீது வழக்கு வந்தால் வக்கீல் கட்டணத்தை யார் கட்டுவார்கள்? உறுப்பினரை இடைநீக்கம் செய்வது, வேட்புமனுவைத் தள்ளுவது, ஊழியரை வேலையிலிருந்து நீக்குவது என எந்தத் தீர்மானமும் நீதிமன்றம்வரை போகக்கூடும். இந்தியாவில் இதற்குச் சட்டம் தரும் விலக்கு, சங்க விதிகளில் எழுதப்படும் ஈட்டுறுதி, காப்பீட்டு பாலிசி என மூன்று ஏற்பாடுகள் உண்டு. நேர்மையாக நடந்தவரைச் சாய்ப்பது பெரும்பாலும் தீர்ப்பல்ல, தீர்ப்பு வரும்வரை ஆகும் செலவு. ஆகவே, வழக்கு நடக்கும் காலத்திலேயே பணம் வருமா என்பதைக்கொண்டுதான் மூன்றையும் எடைபோட வேண்டும் என்பது என் வாதம்.

சட்டத்தின் விலக்கு கேட்பதற்கு மிக வலுவானது. 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 48-ஆம் பிரிவு, அச்சட்டப்படி நல்லெண்ணத்துடன் செய்த செயலுக்காக பார் கவுன்சில் மீதோ அதன் உறுப்பினர் மீதோ வழக்குத் தொடர முடியாது என்கிறது. ஆனால் இது பார் கவுன்சிலுக்கு மட்டும். ஊர்தோறும் இருக்கும் வழக்கறிஞர் சங்கங்களின் நிர்வாகிகளுக்கு இல்லை. மருத்துவர்களும் பொறியாளர்களும் தாங்களாகச் சேர்ந்து பதிவுசெய்த சங்கங்களுக்கும் இத்தகைய விலக்கு தானாக வந்துவிடாது. இன்னொரு சிக்கல், நல்லெண்ணம் எது என்பதற்கே இரண்டு அளவுகள் இருப்பது. 1897-ஆம் ஆண்டு பொதுப் பிரிவுகள் சட்டப்படி, நேர்மையாகச் செய்திருந்தால் கவனக்குறைவு இருந்தாலும் அது நல்லெண்ணமே. குற்றவியல் சட்டமோ, உரிய கவனமில்லாமல் செய்த எதையும் நல்லெண்ணம் என்று ஏற்பதில்லை. இந்திய தண்டனைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் இருந்த இந்த வரையறை பாரதிய நியாய சன்ஹிதாவிலும் தொடர்கிறது. ஒழுங்கு நடவடிக்கை அறிவிப்பு ஒன்றுக்காகக் குற்றவியல் அவதூறுப் புகார் வந்தால் இந்த இரண்டாம் அளவுகோலில்தான் நிற்க வேண்டியிருக்கும். அதையும் சொந்தச் செலவில் வாதாடித்தான் நிறுவ வேண்டும்.

எனவே சட்டப்படி அமைக்கப்படாத அமைப்பில் இருப்பவர் சங்க விதிகளைத்தான் முதலில் புரட்ட வேண்டும். கம்பெனிகள் சட்டத்தின் 8-ஆம் பிரிவில் பதிவான இலாப நோக்கற்ற கம்பெனியாக இருந்தால் ஒரு வாக்கியத்தைத் தேடிப் பாருங்கள்: தீர்ப்பு தனக்குச் சாதகமாக வந்தாலோ விடுதலை ஆனாலோதான் நிர்வாகிக்கு வழக்குச் செலவு ஈடுசெய்யப்படும் என்று அது சொல்லும். 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 201-ஆம் பிரிவு அலட்சியம், கடமை தவறல் ஆகியவற்றுக்கு ஈட்டுறுதி தருவதைச் செல்லாததாக்கி, வென்றவரின் செலவை மட்டும் அனுமதித்தது. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தத் தடைப்பிரிவு இல்லை. ஆனால் அதன் முதல் அட்டவணையிலுள்ள எஃப் பட்டியலின் மாதிரி விதி இன்னும் பழைய வாசகத்தையே சொல்கிறது. அதை அப்படியே நகலெடுத்த அமைப்பில், வழக்கு முடியும்வரை நிர்வாகி கைக்காசைத்தான் போட வேண்டும். செலவை முன்பணமாகத் தரவும், மோசடி நிரூபணமானால் அதைத் திரும்பப் பெறவும், எவ்வளவு தருவது என்பதை வழக்கில் சம்பந்தப்படாதவர்கள் முடிவுசெய்யவும் விதியைத் திருத்தச் சொல்லுங்கள். திருத்தினாலும் ஒரு குறை மிஞ்சும்: ஈட்டுறுதியின் மதிப்பு சங்கத்தின் வங்கி இருப்பைத் தாண்டாது. சந்தாவில் ஓடும் சிறிய சங்கம் இரண்டு வழக்குகளைத் தாங்காது.

அந்த இடத்தில்தான் டி அண்ட் ஓ எனப்படும் இயக்குநர், நிர்வாகிகள் பொறுப்புக் காப்பீடு தேவைப்படுகிறது. உறுப்பினர் பணத்தில் நிர்வாகிகளுக்குப் பிரீமியம் கட்டுவதா என்ற ஆட்சேபம் பொதுக்குழுவில் நிச்சயம் எழும். பாதுகாப்பு இருந்தால் பொறுப்பு குறையாதா என்றும் கேட்பார்கள். இரண்டாவது கேள்வி நியாயமானது. ஆனால் இந்த பாலிசிகள் நிரூபணமான மோசடியையும் முறைகேடான ஆதாயத்தையும் ஏற்பதில்லை, தண்டத்தொகைகளைப் பொதுவாக விலக்கிவைக்கின்றன. மறுபக்கம், பாதுகாப்பில்லாத ஒழுங்குக் குழு என்ன செய்யும்? வழக்குப் போடும் வசதியுள்ள உறுப்பினரைத் தொடத் தயங்கும். அந்தத் தயக்கத்தின் விலையை அவரிடம் போகும் நோயாளியும் கட்சிக்காரரும் கொடுக்கிறார்கள். பிரீமியம் அவர்களுக்காகவும்தான் கட்டப்படுகிறது.

பாலிசி வாங்கும்போது தொகையைவிட வாசகத்தைப் பாருங்கள். வழக்குச் செலவை அவ்வப்போது தருமா? காப்பீடு பெற்ற ஒருவர் இன்னொருவர் மீது போடும் வழக்கை விலக்குகிறதா? விலக்கினால், முன்னாள் செயலாளர் இந்நாள் தலைவர் மீது தொடுக்கும் வழக்கு வெளியே போய்விடும். சங்கங்களில் அதுவோ அரிதல்ல. எல்லாவற்றையும்விட முக்கியம், இவை சம்பவம் நடந்த நாளைப் பார்ப்பதில்லை, கோரிக்கை எழும் நாளில் பாலிசி நடப்பில் இருக்கிறதா என்று பார்க்கின்றன. பதவி முடிந்து இரண்டாண்டு கழித்து நோட்டீஸ் வரும்போது புதிய குழு பிரீமியம் கட்டாமல் விட்டிருந்தால் பழைய குழுவுக்கு ஒன்றுமில்லை. ஓய்வுபெற்ற நிர்வாகிகளுக்கும் காப்பைத் தொடரும் கடமையைச் சங்க விதியிலேயே எழுதி வாங்கிவிட்டுச் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடுங்கள்.