இல்லத்துப் பணிக்கு இணையத் திசைவி

தொழிலின் பொருட்டு ஊரை நீங்குதல் நம்மவர்க்குப் புதிதன்று. எழுதுவினைஞராகவும் கணக்காளராகவும் ஆசிரியராகவும் நம் கல்லூரியின் பழைய மாணவர் பலர் கொழும்புக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் சென்று பொருளீட்டினர். இன்றோ, தொலைவிலுள்ள பணிமனையொன்றின் வேலையைத் தன் வீட்டு விறாந்தையிலிருந்தே ஆற்றும் வாய்ப்பு இளைஞனுக்கு வாய்த்துள்ளது. 2020 மார்ச்சில் நாடெங்கும் ஊரடங்கு விதிக்கப்பட்டபோது இம்முறை பலருக்கு அறிமுகமாயிற்று. எனினும், நேர்முகப் பரீட்சையின் நடுவே குரல் அறுந்துபோமாயின், கற்ற கல்வியும் பெற்ற திறமையும் அவ்வேளையில் உதவா. ஆதலின், ரவுட்டர் எனப்படும் திசைவியைத் தக்கவாறு அமைக்கும் முறையை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

முதற்கண் கருவியின் இயல்பை அறிதல் வேண்டும். சிம் அட்டை இடப்பெற்ற திசைவி, தொலைத்தொடர்புக் கோபுரத்தின் அலைகளைப் பற்றி, அவற்றை வைஃபை அலைகளாக வீட்டினுள் வழங்குகின்றது. எனவே பயணம் இரண்டு: கோபுரத்திலிருந்து திசைவி வரை ஒன்று; திசைவியிலிருந்து கணினி வரை மற்றொன்று. கணினியில் தோன்றும் வைஃபைக் கோடுகள் இரண்டாம் பயணத்தையே காட்டுவன. அவை நிறைந்திருந்தும் வேலை தடைப்படுமாயின், குறை பெரும்பாலும் முதற் பயணத்திலேயே உள்ளது. இவ்வேறுபாட்டை அறியாதோர் புதுக் கருவி வாங்கிப் பணத்தை வீணாக்குவர்.

முதற் பயணம் செம்மையுறுவது இடத்தைப் பொறுத்தது. தடித்த சுவரும், கொங்கிறீற்றுத் தட்டும், தகரக் கூரையும், இரும்பு அலுமாரியும் அலைகளை நலிவிக்கும். கோபுரத்தை நோக்கிய யன்னலருகே, உயரமான தட்டொன்றில், வெயில் படாதவாறு திசைவியை வைத்தல் நன்று. வைத்தபின் அளந்து பார்த்தல் வேண்டும். கருவியின் அடியிலுள்ள தாளிற் குறித்த முகவரியை, 192.168.8.1 என்பது போன்ற இலக்கத்தை, கணினியின் இணைய உலாவியில் இட்டால் அமைப்புப் பக்கம் திறக்கும். அங்கே ஆர்.எஸ்.ஆர்.பி. என்னும் அளவு டி.பி.எம். அலகில் எதிர்க்குறியுடன் காணப்படும். -80 நன்று, -110 மிக நலிந்தது. இவ்வளவில் பத்துக் கூடினால் பற்றும் ஆற்றல் பத்து மடங்காகும். ஆகவே, -105 காட்டிய மூலையிலிருந்து -95 காட்டும் யன்னலுக்கு மாற்றுதல் சிறு செயலன்று. வீட்டின் நான்கைந்து இடங்களில், காலையிலும் மாலையிலும் அளந்து ஒரு கொப்பியிற் குறித்துக்கொள்க. அளவு மாறாதிருக்க, மாலையில் மட்டும் வேகம் குன்றுமாயின், கோபுரத்தைப் பலர் ஒருங்கே பயன்படுத்துவதே காரணமாகலாம். அந்நிலையில் இடமாற்றத்தாற் பயன் சிறிதே. வேறு நிறுவனத்தின் சிம் அட்டையை இரவல் பெற்றுச் சோதித்தல் வேண்டும்.

இரண்டாம் பயணத்தில் இரு அலைவரிசைகள் உள. 2.4 கிகாஹேட்ஸ் சுவர்களைக் கடந்து தொலைவு செல்லும். 5 கிகாஹேட்ஸ் விரைவுடையது, ஆயினும் அண்மைக்கே ஏற்றது. திசைவி இருக்கும் அறையிலேயே பணிபுரிவோர் பின்னதைத் தெரிந்துகொள்க. வேலைக் கணினியை வடத்தால் இணைத்தல் இவ்விரண்டினுஞ் சிறந்தது.

அடுத்துக் காவல். வைஃபைக் கடவுச்சொல், அமைப்புப் பக்கத்தின் கடவுச்சொல் ஆகிய இரண்டையும் முதல் நாளிலேயே மாற்றுதல் வேண்டும். பணிமனையின் ஆவணங்கள் நம் வீட்டின் வழியே செல்வதால், இஃது அறத்தின்பாற்பட்ட கடமையுமாம்.

மின்சாரத்தையும் மறத்தலாகாது. 2022 மார்ச் இறுதியில் ஒரே நாளில் 13 மணி நேரம் மின்வெட்டு நிகழ்ந்தமை நினைவிருக்கும். திசைவிகள் பல 12 வோற்றில் இயங்குவன. அவற்றுக்கேற்ற சிறு மின்கலப் பெட்டியொன்று சில மணி நேரம் துணைசெய்யும். தரவின் அளவும் கருதத்தக்கது. உருவங் காட்டிப் பேசும் கூட்டம் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு கிகாபைற்றைச் செலவிடும். வேண்டாதபோது கமராவை நிறுத்துக.

வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர்க்கு ஒரு சொல். உறவினர்க்குத் திசைவி வாங்கி அனுப்புமுன், அஃது ஒரு நிறுவனத்துக்கென்றே பூட்டப்படாததா என்பதையும், இங்கு வழங்கும் 1800 மெகாஹேட்ஸ் முதலிய அலைவரிசைகளை ஏற்பதா என்பதையும் உறுதிசெய்க. கருவியைக் கொடுத்தல் ஒரு நன்மை. அதனை எங்கே வைத்து எவ்வாறு அளப்பதென்று கற்பித்தல் அதனினும் பெரிய நன்மை. ஊரிலிருந்து உழைக்கும் ஒருவனால் முதிய பெற்றோர் தனித்திராமற் காக்கப்படுவர். கல்லூரியின் மேல்வகுப்பு மாணவர் இம்முறையைப் பயின்று, தத்தம் அயலில் இரண்டொரு வீட்டுக்கேனும் உதவுவாராயின், இவ்விழாவாண்டில் அதுவும் ஒரு நற்பணியாகும்.