விதை கேட்கும் குளிர்

பிரிக்பீல்ட்ஸில் வாங்கிய பீசாங் காக்கிப் பழமொன்றில் நான்கு விதைகள் இருந்தன. கருங்காலியும் இம்மரமும் டயோஸ்பைரோஸ் எனும் ஒரே பேரினம்.

கிள்ளான் வீட்டில் பாட்டி இரண்டை உடனே ஊன்றினார். ரப்பர் நாற்றங்காலில் உழைத்தவர். ரப்பர் விதை உலர்ந்தால் முளைக்காது என்பதே அவர் கற்ற பாடம். இரண்டும் அழுகின.

இது குளிர்காலமுள்ள சீனத்து மரம். குளிரைக் கடந்த விதையே நன்கு முளைக்கும். எஞ்சியவற்றை ஈரத்தாளில் சுற்றி, குளிர்பதனப் பெட்டியில் மூன்று மாதம் வைத்து நட்டேன். ஒன்று முளைத்தது.

விதைக்கன்றில் தாய்ப்பழத்தின் சுவை உறுதியில்லை. நம் வெப்பத்தில் காய்ப்பதும் அரிது. எனவே, விதைக்குமுன் விதையின் தாயகத்தை அறிவோம்.

"காய்க்காதாம் பாட்டி" என்றேன்.

"வந்த ஊரில் பிழைக்கப் பழகட்டும்" என்று தண்ணீர் ஊற்றினார்.