மறதிக்கு ரத்தப் பரிசோதனை: யாருக்கு, எப்போது?

"அப்பாவுக்கு மறதி கூடிக்கொண்டே போகிறது. ரத்தம் எடுத்து அல்சைமரா என்று பார்த்துவிடலாமா?" பிள்ளைகள் பலரும் இப்போது இப்படிக் கேட்கிறார்கள். பார்க்கலாம், ஆனால் அதை முதல் வேலையாகச் செய்யாதீர்கள்.

அல்சைமர் வந்த மூளையில் அமிலாய்டு, டௌ என்ற புரதங்கள் படிகின்றன. அவற்றில் ரத்தத்துக்கு வருவது மிகச் சொற்பம். பிகோகிராம், அதாவது ஒரு கிராமை லட்சம் கோடியாகப் பிரித்தால் கிடைக்கும் அளவு, என்ற கணக்கில்தான் அளக்க முடியும். அதைப் பிடிக்கத்தான் காந்தத் துகள்கள். இரும்பு ஆக்சைடு துகளின் மேல் எதிர்ப்புரதத்தைப் பூசி ரத்த மாதிரியில் கலந்தால், தேடும் புரதம் அதில் ஒட்டிக்கொள்ளும். காந்தத்தால் துகள்களை ஓரமாக இழுத்து, மற்றதைக் கழுவிவிட்டு அளக்கிறார்கள். தைவானில் உருவான ஒரு முறையில் கழுவும் வேலைகூட இல்லை. மாறும் காந்தப்புலத்தில் நானோ துகள்கள் அசையும். புரதம் ஒட்டினால் அசைவு மந்தமாகும். எவ்வளவு மந்தமாகிறது என்பதுதான் கணக்கு. அழகான யோசனை!

அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2025 மே மாதம் இத்தகைய ரத்தப் பரிசோதனை ஒன்றுக்கு முதன்முறையாக அனுமதி தந்தது. காந்தத் துகள்களைக் கொண்டு இயங்கும் லூமிபல்ஸ் கருவியில் செய்யப்படுவது அது. 55 வயது நிறைந்து, மறதிக்கான அறிகுறியும் உள்ளவர்களுக்கு மட்டுமே அந்த அனுமதி. நன்றாக இருப்பவருக்கு 'சும்மா பார்த்து வைப்போம்' என்று செய்வதை நான் ஏற்கமாட்டேன். வீண் பயம்தான் மிஞ்சும்.

முதலில் நரம்பியல் மருத்துவரிடம் நினைவாற்றல் சோதனை செய்யுங்கள். பி12, தைராய்டு பாருங்கள். மனச்சோர்வு, காது மந்தம், தூக்க மாத்திரை ஆகியவற்றாலும் மறதிபோலத் தோன்றும். இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும். மூளை ஸ்கேனும் தேவைப்படலாம்.

அதன் பிறகும் சந்தேகம் தீராவிட்டால் ரத்தப் பரிசோதனை. சிறுநீரகக் கோளாறு இருந்தால் கட்டாயம் முன்கூட்டியே சொல்லுங்கள். டௌ அளவு அதனாலேயே உயர்ந்து காட்டும். சிலருக்கு முடிவு இரண்டும்கெட்டானாக வரும். அப்போது பெட் ஸ்கேனோ முதுகுத் தண்டுவட நீர்ச் சோதனையோதான் வழி. ஒரு ஆய்வகத்தின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு ஒப்பிட்டுக் குழம்பவும் வேண்டாம்.

ரத்தம் எடுக்கும் முன், முடிவைத் தெரிந்துகொள்ள விருப்பமா என்று அப்பாவிடமே கேளுங்கள்.