மூன்று மணி நேரத்தில் கடக்கக்கூடிய நாடு

ஸ்லோவேனியாவின் வரைபடத்தைப் பார்த்ததும் யாருக்கும் ஓர் ஆசை வரும்: இரண்டு பகலில் முடித்துவிடலாமே! பரப்பு இருபதாயிரம் சதுர கிலோமீட்டர் சொச்சம். மக்கள் ஏறத்தாழ 21 லட்சம். அட்ரியாட்டிக் கடலோரத்தில் காரைக் கிளப்பினால் மூன்று மணி நேரத்தில் ஹங்கேரி எல்லைப் பக்கம் போய் நிற்கலாம். சுற்றுலாப் பேருந்துக்காரர்கள் விற்பதும் இதைத்தான். வெளிநாட்டிலிருந்து காலையில் வந்து, பிளெட் ஏரியில் ஒரு படம், போஸ்டொய்னா குகையில் ஒரு படம், இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம்.

நானும் அக்காவும் அப்படிப் போகவில்லை. அக்காவுக்கு முழங்கால் வலி. எனக்கு வலப்பக்கமாகக் கார் ஓட்ட விருப்பமில்லை. ஆகவே ரயிலும் பேருந்தும்தான். அந்த இரண்டு காரணங்களும் எங்களுக்கு நல்லதாகப் போயின. இங்கே தூரம் ஒரு பொருட்டே இல்லை. அடுத்த பேருந்து எத்தனை மணிக்கு என்பதுதான் பொருட்டு. வார நாட்களில் தாராளமாக ஓடும் வண்டிகள் சனிக்கிழமை மெலிந்து, ஞாயிற்றுக்கிழமை சில ஊர்களுக்குக் காணாமலே போய்விடுகின்றன. அதனால் பயணத் திட்டம் போடும்போது முதலில் ஞாயிற்றுக்கிழமை எங்கே இருப்பது என்பதை முடிவு செய்யுங்கள். எங்கள் விடை, தலைநகரம் லுப்லியானா. 2020-இல் வந்த சட்டத்தால் பெரிய கடைகளெல்லாம் ஞாயிறன்று மூடியே கிடக்கும். சனிக்கிழமை மாலைக்குள் ரொட்டி, தயிர், பழம் வாங்கி வைத்துவிட வேண்டும். பெட்ரோல் நிலையத்துக் கடைகள் திறந்திருக்கும், ஆனால் அங்கே விலை அதிகம்.

லுப்லியானாவின் நடுப்பகுதிக்குள் 2007-லிருந்து கார்களை விடுவதில்லை. நடக்க முடியாதவர்களை ஏற்றிக்கொள்ள 'கவலீர்' என்ற சிறிய மின்வண்டிகள் வளைய வருகின்றன; கட்டணம் கிடையாது, கை காட்டினால் நிற்கும். அக்கா அதில் ஏறி உட்கார்ந்ததும், "இது ஒண்ணு போதும்டா, இந்த ஊர் எனக்குப் பிடிச்சுப் போச்சு" என்றாள். கோட்டைக்கு ஏறவும் கவலையில்லை, கேபிள் இழுக்கும் ரயில் பெட்டி இருக்கிறது.

இந்த நகரத்தைப் பார்க்க ஒரு வழி, யோஜே பிளெச்னிக் என்ற ஒற்றை ஆளைப் பின்தொடர்வது. 1872-இல் இங்கே பிறந்து, வியன்னாவிலும் பிராகிலும் பேர் வாங்கிவிட்டுத் திரும்பி வந்த கட்டடக் கலைஞர். ஆற்றின் மேல் ஏற்கெனவே இருந்த ஒரு பாலத்தின் இரு பக்கமும் நடப்பவர்களுக்காக இரண்டு பாலங்களைச் சேர்த்து அதை மூன்றாக்கினார். ஆற்றோரச் சந்தையின் தூண் வரிசை, கரைப் படிக்கட்டுகள், தேசிய நூலகம் எல்லாம் அவர் கைவண்ணம். நூலகத்தின் கறுப்புப் பளிங்குத் தூண்களுக்கு நடுவே இருண்ட படிகளில் ஏறி மேலே போகப் போக வெளிச்சம் கூடிக்கொண்டே வரும். படிப்பவன் அறியாமையிலிருந்து வெளியே வர வேண்டுமாம். கொஞ்சம் பள்ளிக்கூடத்தனமான யோசனைதான், ஆனால் ஏறும்போது வேலை செய்கிறது. இந்த நகரத்தில் அவர் செய்த வேலைகளை 2021-இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. நூலகம், சந்தை, பாலம் மூன்றும் நடந்து போகும் தொலைவுக்குள். நுழைவுச் சீட்டுக்கு வரிசையில் நிற்கும் நேரத்தை இவற்றுக்குக் கொடுக்கலாம்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பயப்படும் அளவுக்கு ஒன்றுமில்லை, ஆனால் கேட்டே சாப்பிட வேண்டும். புளிக்கவைத்த முட்டைக்கோஸும் பீன்ஸும் போட்ட 'யோட்டா' சூப் பார்க்கச் சைவமாக இருக்கும், உள்ளே புகைபோட்ட இறைச்சி பெரும்பாலும் உண்டு. பக்வீட் மாவைக் கிளறிச் செய்யும் 'ஜ்கன்ட்சி'யின் தலையில் பன்றிக் கொழுப்பின் வறுவலைத் தூவிவிடுவார்கள். "ப்ரெஸ் மேசா" என்றால் இறைச்சி இல்லாமல். இதைச் சொல்லிவிட்டு, கொழுப்பும் வேண்டாம் என்று தனியாகச் சொல்லுங்கள். எங்கள் வயிற்றைக் காப்பாற்றியது 'ஷ்த்ருக்லி'. மெல்லிய மாவுத் தாளில் பாலாடைக்கட்டியோ வால்நட்டோ வைத்துச் சுருட்டி வேகவைப்பது. இளையவர்கள் அனேகமாக எல்லாரும் நல்ல ஆங்கிலம் பேசுகிறார்கள், விளக்கம் கேட்டால் முகம் சுளிப்பதில்லை. குழாய்த் தண்ணீரைத் தயங்காமல் குடிக்கலாம். குடிநீர் உரிமையை 2016-இல் அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்த நாடு இது. பாட்டில் தண்ணீருக்கு யூரோ கொடுப்பது வீண்.

அடுத்தது குகை. எல்லாரும் கேட்கும் கேள்வி: போஸ்டொய்னாவா, ஷ்கோட்ஸ்யானா? இரண்டும் தென்மேற்கே சுண்ணாம்புப் பாறை நிலத்தில் இருக்கின்றன, இரண்டுக்கும் லுப்லியானாவிலிருந்து ரயிலில் போகலாம், இரண்டிலும் செலவு குறைவில்லை. ஆனால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத அனுபவங்கள்.

போஸ்டொய்னா 24 கிலோமீட்டர் நீளமுள்ள குகைத் தொகுதி. 1872-லிருந்து உள்ளே ரயில் ஓடுகிறது. தொடக்கத்தில் வழிகாட்டிகளே பெட்டியைத் தள்ளிக்கொண்டு போனார்களாம். இப்போது மின்சார ரயில். தலைக்கு மேல் பாறை உரசிவிடுமோ என்று குனிய வைக்கும் வேகத்தில் உள்ளே கொண்டுபோய் விடுகிறது. அதன்பிறகு ஒன்றரைக் கிலோமீட்டர் அளவுக்கு நல்ல பாதையில் நடை. கூட்டம் அதிகம், மொழிவாரியாகப் பிரித்து நடத்திச் செல்வார்கள், கடைசியில் நினைவுப்பொருள் கடை. அலுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. ஆனால் முழங்கால் வலிக்காரருக்கு இதைவிட நல்ல குகை கிடைக்காது. அக்கா முழுவதும் பார்த்தாள். கூரையிலிருந்து வெள்ளை நூல்போலத் தொங்கும் கல் இழைகளைப் பார்த்து வாயடைத்துப் போனாள். வெளியே வந்ததும் பேச்சு வந்துவிட்டது: "ஸ்வெட்டர் எடுத்துக்கோன்னு நான் சொன்னப்போ சிரிச்ச இல்ல?" உள்ளே எந்தப் பருவத்திலும் பத்து டிகிரிதான். வெளியே வெயில் கொளுத்தினாலும் கம்பளி வேண்டும்.

இங்கே பார்க்க வேண்டிய உயிர் புரோட்டியஸ். வெளிறிய தோலும் சின்னக் கை கால்களும் கொண்ட, கண் வளராத நீர்வாழ் உயிரினம். மனிதத் தோல்போல நிறமிருப்பதால் உள்ளூர்க்காரர்கள் இதை 'மனித மீன்' என்கிறார்கள். பல வருடம் பட்டினி கிடந்தும் பிழைக்கும். 2016-இல் இந்தக் குகையில் பார்வையாளர்களுக்காக வைத்திருந்த தொட்டியிலேயே ஒன்று முட்டையிட்டு, சில மாதம் கழித்துக் குஞ்சுகள் வெளிவந்தன. அதைப் பாதுகாக்க மங்கலான வெளிச்சம்தான் வைத்திருக்கிறார்கள். படம் எடுக்க முண்டியடிக்காமல் கண்ணை இருட்டுக்குப் பழக்கிக்கொண்டு நின்றால் தெரியும்.

ஷ்கோட்ஸ்யானுக்கு நான் மட்டும் போனேன். திவாச்சா என்ற சிறிய ரயில் நிலையத்தில் இறங்கி, காட்டுப் பாதையில் அடையாளப் பலகைகளைப் பார்த்து நடந்தால் குகை வரவேற்பு மையம். முதல் பகுதி சாதாரணமாகத்தான் இருந்தது. பிறகு எங்கிருந்தோ தண்ணீர் இரையும் சத்தம். ஒரு திருப்பத்தில் குகை பிளந்து பாதாளமாகிறது. எதிர்ச் சுவரில் புள்ளி புள்ளியாக விளக்குகள், அடியில் ரேக்கா ஆறு, ஆற்றுக்கு மேல் நாற்பது மீட்டருக்கும் கூடுதலான உயரத்தில் ஒரு பாலம். அதன் மீது நடந்துதான் அந்தப் பக்கம் போக வேண்டும். இங்கே பாறைக்குள் நுழையும் அந்த ஆறு, பூமிக்கடியிலேயே பயணம் செய்து இத்தாலியில் திமாவோ என்ற பெயரில் வெளியே வருகிறது. 1986-லேயே யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்ட இடம். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை, அது ஒரு வரம் என்றே சொல்வேன். படிகள் நூற்றுக்கணக்கில், ஈரமானவை. கால் வலுவுள்ளவர்கள் ஒரே ஒரு குகைதான் பார்க்க முடியும் என்றால் யோசிக்காமல் இங்கே வரலாம். பெரியவர்கள், கைக்குழந்தை என்றால் போஸ்டொய்னா.

கடற்கரை இந்த நாட்டுக்கு 47 கிலோமீட்டருக்குள்தான். பிரான் என்ற பழைய வெனிஸியத் துறைமுக ஊர் அழகானது. வெளியூர்க் கார்களை ஊருக்கு வெளியே நிறுத்த வைத்துவிட்டு, பேருந்தில் உள்ளே அனுப்புகிறார்கள். அருகே செச்சோவ்லியே உப்பளங்களில் இன்னும் கையால் உப்பு வாருகிறார்கள். கோடை மதியத்தில் அங்கே போகாதீர்கள், ஒதுங்க நிழல் கிடைப்பது அரிது.

இனி ஏரிகள். பிளெட்டுக்கு ரயிலில் போகிறவர்கள் எந்த நிலையத்துக்கு என்று பார்த்துச் சீட்டு வாங்க வேண்டும். லெஸ்ட்சே-பிளெட் என்ற நிலையம் ஏரியிலிருந்து நான்கு கிலோமீட்டர் தள்ளி, அங்கிருந்து பேருந்து பிடிக்க வேண்டும். பிளெட் யேசெரோ என்ற குட்டி நிலையம் ஏரியின் மேற்குக் கரைக்கு மேலேயே இருக்கிறது, ஆனால் அது வேறு ரயில் பாதை. பெட்டிகளோடு போகிறவர்களுக்கு லுப்லியானாவிலிருந்து நேர்ப் பேருந்துதான் சுகம், ஒன்றேகால் மணி நேரத்தில் ஊருக்குள்ளேயே இறக்கிவிடும்.

ஏரி நடுவே தீவு, தீவில் தேவாலயம், செங்குத்துப் பாறை மேல் 1011-லேயே ஆவணத்தில் பெயர் வந்துவிட்ட கோட்டை. நீங்கள் படத்தில் பார்த்ததேதான், ஏமாற்றம் இல்லை. தீவுக்கு 'பிளெத்னா' என்ற கூரை போட்ட மரப் படகில் போகிறார்கள். நின்றபடியே இரண்டு துடுப்பு வலிப்பார் படகுக்காரர். இறங்கியதும் 99 படிகள். அவற்றில் மணப்பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டியது மாப்பிள்ளையின் கடமையாம். அக்கா படிகளை ஒரு பார்வை பார்த்தாள். "நீ போயிட்டு வா. மணி அடிக்கும்போது என் முட்டிக்கும் சேர்த்து வேண்டிக்கோ," என்று கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கோயிலுக்குள் கயிற்றை இழுத்து மணி அடித்தால் நினைத்தது நடக்கும் என்பது நம்பிக்கை. வரிசையில் நின்று அடித்தேன். முட்டியில் மாற்றம் எதுவும் தெரியவில்லை.

ஆனால் பிளெட்டின் நல்ல பகுதி தீவு அல்ல, ஏரியைச் சுற்றும் ஆறு கிலோமீட்டர்ப் பாதை. பெரும்பாலும் சமதளம், நிறைய இருக்கைகள், நின்று நின்று அக்காவே சுற்றி வந்துவிட்டாள். காலை ஏழு மணிக்கு நடந்தால் வாத்தும் நீங்களும்தான். பத்து மணிக்குச் சுற்றுலாப் பேருந்துகள் வந்துவிடும், மாலை ஆறுக்கு மேல் போய்விடும். இந்த ஊரில் இரவு தங்க வேண்டும் என்று சொல்வது அதனால்தான். அறை வாடகை கொஞ்சம் கூடுதல், அதோடு ஆளுக்கு இத்தனை என்று சுற்றுலா வரி தனியாகக் கேட்பார்கள். 'கிரெம்ஷ்னிட்டா' என்ற கிரீம் கேக்கை இங்கே பார்க் ஹோட்டலில் 1953-இல் உருவாக்கினார்கள், ஏழு சென்டிமீட்டர் சதுரத் துண்டு. முட்டை உண்டு. ஒன்று வாங்கி இருவர் சாப்பிடலாம்.

பிளெட்டிலிருந்து பேருந்தில் முக்கால் மணி நேரத்துக்குள் போஹின் ஏரி. நாட்டின் மிகப் பெரிய நிரந்தர ஏரி, திரிக்லாவ் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. கோட்டையும் தீவும் கிடையாது. மலை, தண்ணீர், ஒரு கல் பாலம், ஒரு பழைய தேவாலயம். எனக்கு இரண்டில் ஒன்றைக் கொடுத்தால் இதைத்தான் எடுத்துக்கொள்வேன். சவிட்சா அருவிக்குப் போகப் படிகள் ஐநூறுக்கு மேல். படி ஏற முடியாதவர்கள் வோகல் ரோப் காரில் 1,535 மீட்டர் உயரத்துக்குப் போய், நாட்டின் கொடியிலேயே இடம்பெற்றிருக்கும் 2,864 மீட்டர் திரிக்லாவ் சிகரத்தை உட்கார்ந்த இடத்திலிருந்து பார்க்கலாம். மேகம் இல்லாதபோதுதான் இது பலிக்கும். போஹினில் மழை அதிகம், அதனால் ரோப் கார் சீட்டை முன்கூட்டியே வாங்காதீர்கள். ஒரு நாளைக் கையில் வைத்துக்கொண்டு, காலையில் வானத்தைப் பார்த்து முடிவெடுங்கள்.

நாட்டை விட்டு வெளியேற ஒரு நல்ல வழி இங்கிருந்தே இருக்கிறது. போஹின்ஸ்கா பிஸ்த்ரிட்சா நிலையத்தில் ஏறினால், 1906-இல் ஆஸ்திரிய இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட் திறந்து வைத்த மலை ரயில் பாதை. கிளம்பியதும் ஆறு கிலோமீட்டர்ச் சுரங்கம். அதைத் தாண்டினால் வேறொரு நிறத்தில் சோச்சா ஆறு, பச்சையா நீலமா என்று நாங்கள் கடைசிவரை தகராறு செய்தோம். முதல் உலகப் போரில் இத்தாலியும் ஆஸ்திரியா-ஹங்கேரியும் பன்னிரண்டு முறை மோதிய பள்ளத்தாக்கு இது. நேரமிருந்தால் கோபரித் ஊருக்குப் போய் அந்தப் போரின் அருங்காட்சியகத்தைப் பாருங்கள். ரயில் அங்கே போகாது, மோஸ்த் நா சோச்சியில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். சோல்கான் அருகே 85 மீட்டர் அகலக் கல் வளைவுப் பாலத்தில் ஆற்றைக் கடக்கிறீர்கள். கல்லால் கட்டிய ரயில் பாலங்களில் உலகத்திலேயே பெரிய வளைவு அதுதான். ரயிலுக்குள் இருப்பவர்களுக்கு அது தெரியாமலே போய்விடும், அதனால் வேகம் குறையும்போது சன்னலோரம் வந்துவிடுங்கள். பாதையில் பராமரிப்பு வேலை நடக்கும் மாதங்களில் ரயிலுக்குப் பதில் பேருந்து விடுவார்கள். கிளம்பும் முன் ஸ்லோவேனிய ரயில்வேயின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாதை உங்களை நோவா கொரிட்சாவில் கொண்டுபோய் விடும். நிலைய வாசலில் இருக்கும் சதுக்கத்தின் நடுவிலேயே இத்தாலிய எல்லை ஓடுகிறது. 1947-இல் பழைய நகரம் இத்தாலிக்கும் ரயில் நிலையம் யூகோஸ்லாவியாவுக்கும் போனதன் விளைவு. இடையில் நின்ற வேலியை 2004-இல் எடுத்துவிட்டார்கள். நிலையக் கட்டடத்துக்குள்ளேயே அந்தக் கதைக்கு ஒரு சிறிய அருங்காட்சியகம் உண்டு, ஒரு மணி நேரம் போதும். பிறகு சதுக்கத்தைக் கடந்து, நகரப் பேருந்தில் இத்தாலியப் பக்கத்து கொரிட்சியா ரயில் நிலையத்துக்குப் போனால் திரியெஸ்தேவுக்கும் வெனிஸ் பக்கமும் ரயில் கிடைக்கும். ஷெங்கன் விசாதானே என்று பாஸ்போர்ட்டைப் பெட்டியின் அடியில் வைத்துவிடாதீர்கள். 2023 அக்டோபரில் இத்தாலி இந்த எல்லையில் சோதனையை மீண்டும் தொடங்கியது. எங்களை யாரும் நிறுத்தவில்லை. எங்களுக்கு முன்னால் போன ஒரு வேனை நிறுத்தி ஒவ்வொருவராக இறக்கிக்கொண்டிருந்தார்கள்.