காளான் கழிவைச் சோளத்துக்குப் பசளையாக்கல்

சிப்பிக்காளான் வளர்க்கும் பைகளில் இறப்பர் மரத்தூள், தவிடு, சுண்ணாம்பு முதலியன நிரப்பப்படுகின்றன. அறுவடை ஓய்ந்தபின் எஞ்சும் இக்கழிவை முறைப்படி உக்கச்செய்தால் சோளத்துக்கு நல்ல சேதனப் பசளையாகும்.

ஆயினும் அதனை உக்காத நிலையில் வயலிலிடலாகாது. மரத்தூளில் காபன் மிகுதி; நைதரசன் மிகக் குறைவு. அதனை உக்கச்செய்யும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய நைதரசனை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும். அதனால் இளஞ்சோளத்தின் அடியிலைகள் நுனியிலிருந்து நடுநரம்பு வழியே மஞ்சளாகும். வளர்ச்சி குன்றிக் கதிரும் சிறுக்கும்.

செய்முறை:

1. பொலித்தீன் பைகளை முற்றாக அகற்றிக் கட்டிகளை உடைக்க.

2. காளான் கொட்டிலுக்குத் தொலைவில், கழிவு மூன்று பங்கு, மாட்டெரு ஒரு பங்கு, சீமைக்கிளுவை இலை ஒரு பங்கு என அடுக்கடுக்காகக் குவித்து நீர் தெளிக்க.

3. மழையில் சத்துக் கரைந்தோடாதவாறு கிடுகால் மூடுக.

4. இரு வாரத்துக்கொருமுறை புரட்டுக. கைப்பிடியளவு எடுத்துப் பிழிந்தால் ஓரிரு துளி நீர் கசிதல் போதும்.

ஏறக்குறைய மூன்று மாதத்தில் கருநிறமும் மண்வாசனையும் தோன்றி, உட்சூடு தணிந்துவிடும். அதுவே பக்குவம். பெரும்போகத்துக்கு வேண்டிய குவியலை ஆனி மாதத்திலேயே இடல் நன்று. கடைசி உழவின்போது பரப்பி மண்ணுடன் கலத்தல் வேண்டும்.

இப்பசளை மண்ணைப் பொலபொலப்பாக்கி ஈரத்தைக் காக்கும். ஆனால் சோளத்தின் நைதரசன் தேவை முழுவதையும் நிறைவுசெய்யாது. 2021ஆம் ஆண்டு இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது கமக்காரர் இதனைக் கண்கூடாகக் கண்டனர். ஆகவே நான்காம் வாரத்து மேற்கட்டுப் பசளையைக் கைவிடலாகாது.